கறுத்த வெள்ளித் தம்ளர்

ரோட்டில் டிராக்டர் போகவில்லை. கிணற்று மோட்டார் ஓடவில்லை. மின்விசிறியைக்கூட அன்னத்தாய் நிறுத்தித்தான் வைத்திருந்தாள். ஆனாலும் அவள் கம்ப்யூட்டரில் ஒரு கேள்விக்குப் பதிலைத் தட்டிவிட்டு விரலை எடுப்பதற்குள் திரை நடுங்கியது. எழுத்துகள் கலைந்தன. கட்டம் கட்டமாக உடைந்து, கோடுகளாகி, அப்படியே உறைந்து நின்றன. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசைவில்லை.

"செத்துருச்சா?" என்று வாசற்படியில் நின்றபடி கேட்டான் தங்கபாண்டி, அவளுடைய அண்ணன்.

அவள் ஸ்விட்சை அணைத்து மறுபடி போட்டாள். டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் பின்னால் சுற்றினாள். புரோகிராம் முழுவதும் கேசட்டிலிருந்து கீச்சிட்டுக்கொண்டே இறங்கி முடிய ஒரு உலை கொதிக்கிற நேரமாகும். நடுவில் ஒரு தடவை நின்றால் மறுபடி முதலிலிருந்து.

"அப்ப நாளைக்குத் தேனியில இருந்து வாரவுக துட்டி கேக்கத்தான் வாராகன்னு சொல்லு" என்றான். மூலையில் இருந்த மூட்டையிலிருந்து மஞ்சள் நிற மருந்துத் தூளை வாளியில் அள்ளிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டான்.

நாளைக்கு வருகிறவர் ஏசுதாசன். தேனி கடைவீதியில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிறவர். கம்பத்துக்குப் பக்கத்தில் இவர்களுக்கு இருக்கும் திராட்சைப் பந்தலுக்கு எல்லா மருந்தும் அவர் கடையிலிருந்துதான் வரும். போன மாதம் தங்கபாண்டி சரக்கு எடுக்கப் போனபோது, கடைக்கு மேல் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் திறக்கப் போவதாகவும், சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை என்றும் அவர் சொல்லியிருக்கிறார். எங்க வீட்டிலயும் ஒரு பொட்டி கெடக்கு, என் தங்கச்சி அதைக் கட்டிக்கிட்டு அழுகுது என்று இவன் சிரிப்பாகச் சொல்லிவைத்தான். ஏசுதாசன் சிரிக்கவில்லை. பெண் வாத்தியார் இருந்தால் பெண்பிள்ளைகளைத் தைரியமாக அனுப்புவார்கள், நானே வந்து பார்க்கிறேன் என்று கிழமை குறித்துவிட்டார்.

அந்தப் பெட்டி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் ராக்கையா மாமா போன வருஷம் லீவில் வந்தபோது கொண்டுவந்தது. பழையது. டைப்ரைட்டரின் முன்பாதியை மட்டும் அறுத்து எடுத்ததுபோல் இருக்கும். டிவியில் மாட்டினால் திரையில் எழுத்து வரும். மாமாவுக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. மதுரையில் விடுதியில் தங்கி பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு வீட்டில் இருந்த அன்னத்தாய், அதனோடு வந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகக் கற்றுக்கொண்டாள். ஆட்களிடம் பேசுவதென்றால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பெட்டியிடம் அந்தத் தொல்லை இல்லை. தனிமங்களின் பெயரையும் குறியீட்டையும் கேட்டு, சரியா தப்பா என்று சொல்லும் ஒரு புரோகிராமை அவளே எழுதினாள். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு உதவும் என்று நினைத்தாள். நாளைக்குக் காட்ட வேண்டியது அதைத்தான்.

அப்பா சுயம்புலிங்கம் அதிகம் பேசாதவர். விஷயம் காதுக்கு வந்த அன்று சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"ஏசுதாசன் அண்ணாச்சி வந்து போற வரைக்கும் பொட்டி சாகாம நின்னுச்சுன்னா நீ தேனிக்குப் போ. நான் மறிக்க மாட்டேன். அவுக முன்னால செத்துச்சுன்னா மாமன்கிட்டயே திருப்பிக் குடுத்துரணும். அதுக்குப் பெறகு இந்த வீட்டுல வேலைப் பேச்சு எடுக்கப்படாது."

அவர் சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

முதலில் அவள் சந்தேகப்பட்டது கரண்ட்டை. சுற்றுவட்டாரத்தில் தோட்டத்து மோட்டார்களைப் போட்டுவிட்டால் வீட்டு டியூப்லைட் மங்கிச் சிமிட்டும். டிவிக்குப் போட்டிருந்த ஸ்டெபிலைசரில் பெட்டியையும் மாட்டினாள். அப்போதும் நின்றது. மோட்டார் எதுவும் ஓடாத நேரமாகப் பார்த்துப் போட்டாள். அப்போதும் நின்றது. சூடோ என்று மேல்மூடியைக் கழற்றி விசிறியைத் திருப்பி வைத்தாள். விடியற்காலைக் குளிரில் போட்டாள். வேறுபாடு இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே என்று லேபில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்படியே ஒவ்வொன்றாக மாற்றினாள். டிவியை மாற்றினாள், வயரை மாற்றினாள், மேசையை மாற்றினாள்.

மேசையை மாற்றியபோது ஒன்று தெரிந்தது. மேசையில் கையை ஊன்றினால் பெட்டி சாகிறது. ரோட்டில் டிராக்டர் போய் ஜன்னல் அதிர்ந்தால் சாகிறது. அப்படியானால் எங்கேயோ தொடுப்பு சரியில்லை.

உள்ளே பச்சைப் பலகையில் பூரான் மாதிரி இருபுறமும் கால்கள் வைத்த சிப்புகள் வரிசையாக இருந்தன. சில சிப்புகள் பற்றவைக்கப்பட்டவை. சில, தனியாகக் கூட்டில் செருகப்பட்டவை. செருகியவற்றை விரலால் அழுத்திவிட்டாள். பெட்டி இரண்டு நாள் சாகாமல் ஓடியது. பிறகு பழைய கதை. மறுபடி அழுத்தினாள். ஒரு நாள் ஓடியது. அப்புறம் அரை நாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, காலையிலிருந்து அழுத்தி அழுத்தி விரல்நுனி சிவந்துவிட்டது. இன்றைக்கு அழுத்தியும் பயனில்லை.

இதற்கிடையில் வீட்டில் இன்னொரு வழக்கு. அவளுடைய கொலுசு கறுத்துப்போயிருந்தது.

கொலுசு கறுத்தால் உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று அம்மா பஞ்சம்மாளுக்கு உறுதி. அவளுக்கு மட்டுமல்ல, அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். பெட்டிமுன் உட்கார்ந்து உட்கார்ந்து பிள்ளைக்குச் சூடு கொதிக்கிறது என்று அம்மா பக்கத்து வீடுகளில் சொல்லிவிட்டு வந்தாள். செவ்வாயும் வெள்ளியும் தலையில் எண்ணெயை ஊற்றித் தேய்த்தாள். வெந்தயத்தை ஊறவைத்து விழுங்கச் சொன்னாள். கொலுசைத் திருநீறு போட்டுத் துலக்கிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் மறுபடி கறுத்தது. "பாத்தியா, என் மெட்டி பளிச்சுன்னு இருக்கு. ஒன்னுது மட்டும் கரி மாதிரி ஆகுது. அந்தப் பொட்டி ஒன் ரத்தத்தக் குடிக்குதுடி" என்றாள். கடைசியில் மகள் காலிலிருந்து கொலுசைக் கழற்றியே வைத்துவிட்டாள். பெட்டி போனால் அவளுக்கு பெரிய நிம்மதி.

அன்று மத்தியானம் அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். நாளைக்கு வருகிறவர்கள் பெரிய இடம், அண்ணாச்சி சம்சாரமும் வருகிறார், எவர்சில்வரில் காப்பி கொடுக்க முடியாது. உன் ரூம் பீரோவில் மேல்தட்டில் வெள்ளித் தம்ளர் துணியில் சுற்றியிருக்கும், எடுத்துக்கொண்டு வா.

அன்னத்தாய் உள்ளே ஓடிக்கொண்டிருந்த கேசட்டை நிறுத்தவில்லை. ஒரு கண்ணால் திரையைப் பார்த்துக்கொண்டே பீரோவைத் திறந்து துணியைப் பிரித்தாள்.

தம்ளர்கள் கறுத்திருந்தன.

அடுப்பில் வைத்து எடுத்ததுபோல் கறுப்பு. விளிம்பில் நீலமும் பழுப்பும் கலந்து மினுங்கியது. அவள் பெரிய அக்கா கல்யாணத்துக்கு வந்த தம்ளர்கள். பந்திக்கு எடுத்துவிட்டு உள்ளே வைத்தவை. அதற்குப் பிறகு யார் கையும் படவில்லை.

யார் கையும் படவில்லை.

அவள் அப்படியே நின்றாள். பின்னால் திரை உடைந்து நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தம்ளருக்கு ஏது உடம்பு? ஏது சூடு? அம்மா அடுப்படி ஒட்டிய அறையில் படுக்கிறாள், அவள் மெட்டி வெள்ளையாக இருக்கிறது. நான் இந்த ரூமில் படுக்கிறேன், என் கொலுசு கறுக்கிறது. தம்ளரும் இந்த ரூமில் இருக்கிறது.

கல்லூரியில் ஹைட்ரஜன் சல்பைடு வகுப்பு என்றால் பெண்கள் கொலுசையும் மோதிரத்தையும் கழற்றி ஹாஸ்டலில் வைத்துவிட்டு வருவார்கள். அந்த வாயு பட்டால் வெள்ளி கறுத்துவிடும். இவளும் கழற்றியிருக்கிறாள். ஏன் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள். ஆனால் அது லேப். வீட்டில் மூலையில் இருப்பதற்குப் பெயர் மருந்து. திராட்சை இலையில் சாம்பல் நோய் விழாமல் தூவுகிற மருந்து. தினம் அந்த வாடையில் தூங்கி எழுந்து, அது ஒரு வாடை என்பதே மறந்துவிட்டது. அந்த மருந்துக்குப் பெயர் கந்தகம், அதாவது சல்பர் என்பது அவளுக்குத் தெரியாததா?

ஐப்பசி மழையில் தோட்டத்துக் கொட்டகை ஒழுகும். நனைந்தால் தூள் கட்டிப்பட்டுத் தூவும் மெஷினில் இறங்காது. அதனால் வீட்டிலேயே கான்கிரீட் போட்ட ஒரே ரூமில் தங்கபாண்டி மூட்டைகளை அடுக்கியிருந்தான். மூன்று துளை பிளக் இருக்கும் ஒரே ரூமும் அதுதான். மேல் மூட்டை எப்போதும் வாய் திறந்தே கிடக்கும்.

அவள் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பலகையைச் சாய்த்துப் பிடித்தாள். செருகிய சிப்புகளின் கால்கள் கறுப்பு. அது எப்போதும் பார்த்த கறுப்புதான். முதன்முதல் மூடியைத் திறந்த நாளிலிருந்து கறுப்பாகத்தான் பார்த்திருக்கிறாள். புதுச் சிப்பு எதையும் கண்டதில்லை. ஆகவே அதன் நிறமே அதுதான் என்று இருந்துவிட்டாள். நகத்தால் ஒரு காலைச் சுரண்டினாள். கறுப்புக்கு அடியில் வெள்ளி மின்னியது.

அடுப்படிக்கு ஓடினாள். தம்ளரை அம்மா முன் நீட்டினாள்.

"இது என் ஒடம்பு சூடு இல்லம்மா. இந்தா பாரு. இத யாரு காலுல போட்டா?"

பஞ்சம்மாள் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மகள் இத்தனை சத்தமாகப் பேசி அவள் கேட்டதில்லை. என்னடி சொல்ற என்றாள். அன்னத்தாய் மூட்டையையும் கொலுசையும் பெட்டியையும் சேர்த்துச் சொன்னாள். அம்மாவுக்குப் பாதி புரிந்தது. பாதி புரிந்ததே அவள் முகத்தை என்னவோ செய்தது. தெருவெல்லாம் சொல்லிவைத்தாளே.

"அம்மா, அப்பாவோட முள்வாங்கி எங்கன இருக்கு?"

"அவுக அரைஞாண்ல இருக்கும். எதுக்கு?"

"எழுப்பாம எடுத்துக்குடு."

மத்தியானத் தூக்கத்தில் இருந்தவரின் இடுப்பிலிருந்து பஞ்சம்மாள் முள்வாங்கியைக் கழற்றி வந்தாள். தோட்டத்தில் காலில் முள் ஏறினால் பிடுங்குகிற சின்ன இடுக்கி. அன்னத்தாய் சிப்பின் அடியில் கத்தி நுனியைக் கொடுத்து இந்தப்பக்கம் கொஞ்சம், அந்தப்பக்கம் கொஞ்சம் என்று நெம்பினாள். சிப்பு பல்லைப்போல் ஆடி மேலே வந்தது. ஒரு கால் மடங்கியிருந்தது.

அந்தக் கால் ஒடிந்தால் மதராஸில்கூட இந்தச் சிப்பு கிடைக்குமோ என்னவோ. கம்பத்தில் கிடைக்காது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, முள்வாங்கியால் காலைப் பிடித்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு நிமிர்த்தினாள். நிமிர்ந்தது. மயிரிழை அளவு வெடிப்பு தெரிகிறமாதிரி இருந்தது. இல்லை, நிழல்.

அம்மா ஒரு கிண்ணத்தில் திருநீறு கொண்டுவந்து வைத்தாள். வெள்ளிக்கு அதுதானே என்றாள். வேண்டாம், தூள் கூட்டுக்குள் விழுந்தால் இன்னும் கெட்டுப்போகும் என்று சொல்லி, பென்சில் அழிக்கிற ரப்பரைச் சின்னதாக நறுக்கி ஒவ்வொரு காலாகத் தேய்த்தாள். ரப்பர் கறுக்கக் கறுக்கக் கால் வெளுத்தது. கூட்டின் துளைகளில் ஊசிநுனியில் துணி சுற்றித் துடைத்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து திருநீற்றால் தம்ளர்களைத் தேய்த்தாள். ஒரே வேலையைத்தான் இருவரும் செய்தார்கள்.

சாயங்காலம் பெட்டியைத் திரும்பப் பொருத்திக் கேசட்டைப் போட்டாள். கேள்விகள் வந்தன. மேசையைக் கையால் தட்டினாள். திரை அசையவில்லை. குத்தினாள். அசையவில்லை.

தப்பித்தோம் என்று எழுந்தவள், திறந்து கிடந்த மூட்டை வாயைக் கட்டக் குனிந்தாள். சாக்கில் ஊதா மையில் கடைப் பெயர் அச்சடித்திருந்தது. ஏசுதாசன் கடை. தேனி.

கடைக்கு மேல் மாடியில்தான் சென்டர்.

இங்கே இருப்பது ஒரு மூலை. அங்கே கீழ்த்தளம் முழுக்க மூட்டை. இங்கே ஒரு வருஷத்தில் ஆனது அங்கே எத்தனை நாளில் ஆகும்? புதுப் பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சாகும். யாருக்கும் காரணம் தெரியாது. சொல்லிக்கொடுக்க வந்த பிள்ளை தொட்டுத்தான் கெட்டது என்பார்கள். இப்போது வீட்டில் சொல்கிற மாதிரியே.

அதைச் சொன்னால்? வேலை கொடுக்க வந்த மனுஷனிடம், உங்கள் கடைச் சரக்குதான் கேடு என்று சொல்வதா? அப்பாவுக்கு எத்தனை வருஷத்துப் பழக்கம். சொல்லிவிட்டு வேலையை எதிர்பார்க்க முடியுமா?

அம்மா துலக்கிக் கவிழ்த்த தம்ளர்களில் துலக்காமல் ஒன்று மிச்சமிருந்தது. அம்மா கையை நீட்டுமுன் அதை எடுத்துத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டாள். எதற்கு என்று அம்மா கேட்டாள். இருக்கட்டும் என்றாள். அவளுக்கே அப்போது முடிவு தெரியாது.

சனிக்கிழமை முற்பகல் வெள்ளை அம்பாசடர் வந்து நின்றது. ஏசுதாசன் ஆள் பெருத்த உடம்பு, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. கூட வந்த மனைவி கிருபாவதி ஒடிசலாக, சிரித்த முகமாக இருந்தார். அப்பா துண்டை உதறிப் போட்டு நாற்காலியைக் காட்டினார். மூட்டைகளின் மேல் அம்மா போர்வை போட்டு மூடியிருந்தாள். ஏசுதாசன் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து, நம்ம சரக்குத்தானா என்று சிரித்துக்கொண்டார். அன்னத்தாய் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கேசட் இறங்கியது. கீச்சுச் சத்தம் நின்றது. திரையில் முதல் கேள்வி வந்தது. கிருபாவதி தானே உட்கார்ந்து தட்டினார். தப்பு என்று வந்தது. சிரித்தார். அடுத்ததும் தப்பு. எங்க வீட்டுக்காரரை உட்காரச் சொல்லு, வெறும் யூரியாவும் பொட்டாசும் கேட்டா நூத்துக்கு நூறு வாங்குவாக என்றார். ஏசுதாசனும் சிரித்து, எப்படி எழுதினாய், எத்தனை நாள் ஆச்சு, யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டார். அன்னத்தாய் ஒவ்வொரு வார்த்தையாகப் பதில் சொன்னாள். அப்பா மழை வருமா வராதா என்று மேற்கே பார்க்கிற மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோட்டில் டிராக்டர் ஒன்று லோடோடு வந்தது. சத்தம் நெருங்கியது. ஜன்னல் கம்பி கிலுகிலுத்தது. மேசையில் இருந்த பேனா உருண்டது. வாசலில் நின்ற தங்கபாண்டி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

டிராக்டர் போய்விட்டது. திரையில் கேள்வி அப்படியே இருந்தது.

ஏசுதாசன் அதற்குமேல் சோதிக்கவில்லை. புது வருஷத்தன்றைக்கு ஆராதனை முடிந்ததும் திறப்பு, மேசையெல்லாம் மாடியில் போட்டாயிற்று, போர்டும் எழுதியாயிற்று, பிள்ளை அதற்கு முந்தின வாரமே வந்துவிட வேண்டும் என்றார். தங்குவதற்கு எங்கள் வீட்டிலேயே இடம் இருக்கிறது என்றார் கிருபாவதி. அப்பா தலையை ஆட்டினார். அவர் சொன்ன சொல்லை அவர் காப்பாற்றிவிட்டார்.

முடிந்தது. இனி ஒன்றும் செய்ய வேண்டாம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அது அவளுக்கு எப்போதும் சுலபம்.

வெள்ளித் தம்ளரில் காப்பி போனது. அன்னத்தாய் அடுப்படிக்கு வந்து துணியைப் பிரித்துக் கறுத்த தம்ளரை எடுத்தாள். பஞ்சம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னடி பண்ணப் போற? அதான் வேலை கெடச்சிருச்சுல்ல?"

"கெடச்ச வேலை நிக்கணும்மா."

அம்மா பிடியை விட நேரமாயிற்று.

அவள் போய்த் தம்ளரை மேசையில், ஏசுதாசன் குடித்துக்கொண்டிருந்த வெள்ளைத் தம்ளருக்கு எதிரில் வைத்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்பா முகம் மாறுவது தெரிந்தது. விருந்தாளி முன் கறுத்த பாத்திரத்தைக் கொண்டுவந்து வைப்பதா?

"சார், ரெண்டும் ஒரே செட்டு. இது துலக்காதது. இந்த ரூம்ல இருந்து கறுத்துச்சு. பொட்டிக்குள்ள இருக்கிற சிப்புக் காலும் இப்படித்தான் கறுத்துச்சு. அதனாலதான் இத்தன நாளாச் செத்துச் செத்து விழுந்துச்சு. நேத்துத்தான் கழட்டித் துலக்குனேன்." மூச்சு வாங்கினாள். "கந்தகத்துனால, சார். ஒங்க மாடிக்குக் கீழ அதுதான் இருக்கு. அங்கன வச்சா எல்லாப் பொட்டியும் இப்படி ஆகிரும்."

ஏசுதாசன் தம்ளரைக் கீழே வைத்தார்.

"என் சரக்குல குத்தம் சொல்றியாம்மா?"

"இல்ல சார். நல்ல சரக்கு. அதான் இந்த அளவுக்குக் கறுக்குது."

ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். பிள்ளைக்குப் பேசத் தெரியாது அண்ணாச்சி, மனசில் வைக்காதீர்கள் என்று தொடங்கினார். ஏசுதாசன் கையைக் காட்டி நிறுத்தினார். மேசை போட்டாயிற்று, வயரிங் முடிந்தாயிற்று, மதராஸில் பெட்டிக்குச் சொல்லியாயிற்று, இப்போது வந்து இதைச் சொன்னால் என்ன செய்வது என்று அவளிடம் சொல்லவில்லை, சுவரிடம் சொன்னார். எழுந்து வாசலுக்கு நடந்தார். காப்பி பாதி அப்படியே இருந்தது.

கிருபாவதி எழவில்லை. கறுத்த தம்ளரை எடுத்து முந்தானையால் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார்.

"ஏங்க, கொஞ்சம் நில்லுங்க" என்றார். குரலில் சிரிப்பு இல்லை. "நம்ம கடை மாடியில கண்ணாடி அலமாரியில வச்சிருக்கமே, வியாபாரிக சங்கத்துல ஒங்களுக்குக் குடுத்த வெள்ளிக் கப்பு. எத்தன தடவ வெளக்கி வச்சிருக்கேன். வச்ச மாசமே கறுத்துப்போகும். ஒங்கம்மா என்ன சொன்னாக? என் கைராசின்னாக. நானும் இத்தன வருசமா அப்படித்தான்னு இருந்தேன்."

ஏசுதாசன் வாசற்படியில் நின்றார். திரும்பவில்லை. பிறகு இறங்கிப் போய்க் காரில் உட்கார்ந்தார். கிருபாவதி அன்னத்தாயின் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் பின்னால் போனார். போகும்போது கறுத்த தம்ளரையும் எடுத்துக்கொண்டே போய்விட்டார். யாரும் கேட்கவில்லை.

கார் கிளம்பவில்லை. உள்ளே இருவரும் பேசிக்கொள்வது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பேசியது பெரும்பாலும் கிருபாவதிதான். வீட்டுக்குள் யாரும் அன்னத்தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி யாரும் தன்னைத் தேனிக்குக் கூப்பிடப் போவதில்லை என்று அன்னத்தாய்க்குப் பட்டது. பெட்டி ஓடியும் வேலை போயிற்று.

காரின் கண்ணாடி இறங்கியது.

"சம்சாரி" என்று கூப்பிட்டார் ஏசுதாசன். அப்பா விரைந்து போனார். "திங்கக்கெழம மகளக் கூட்டிக்கிட்டுத் தேனிக்கு வாங்க. பெரியகொளம் ரோட்டுல என் மச்சான் வீடு ஒண்ணு பூட்டிக் கெடக்கு. சென்டருக்கு அது சரிப்படுமான்னு பிள்ள பாத்துச் சொல்லட்டும். சொன்ன பெறகுதான் பொட்டிய எறக்குவேன்."

அப்பா என்ன பதில் சொன்னார் என்று உள்ளே கேட்கவில்லை. கார் திரும்பி ரோட்டில் ஏறியது.

அவர் உள்ளே வந்தார். நேராகத் திரை முன் போய் நின்றார். யாரும் தொடாமல் விட்ட கேள்வி அங்கே இன்னும் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது. கொஞ்சநேரம் பார்த்தார்.

"இன்னும் சாகலையே" என்றார்.

தங்கபாண்டி போர்வையை இழுத்துப் போட்டுவிட்டு மூட்டைகளைப் பார்த்தான்.

"அப்ப இதையெல்லாம் நான் எங்கனதான் கொண்டுபோயி வைக்கிறதாம்? கொட்டகையில வச்சா நனையும்."

"ஒன் கட்டிலுக்கடியில வையி" என்றார் அப்பா. "நீதான் கொலுசு போடலையே."